இரட்டைத் தையல்

காலை விசில் ஊதியதும் சுதாமதி முகக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முழங்காலில் குந்தினாள். குந்தியதும் முதலில் வந்தது பயமில்லை, மூக்கரிப்பு. எங்கிருந்துதான் வருமோ, இந்தக் கண்ணாடியை இறக்கினால் போதும், மூக்கு நுனியில் வந்து சப்பணம் கட்டி உட்கார்ந்துகொள்ளும். மிதிவெடியைக்கூடச் சமாளித்துவிடலாம், இதைச் சமாளிக்கப் பயிற்சி வகுப்பில் ஒரு வெள்ளைக்காரனும் சொல்லித்தரவில்லை. முன்னால் ஒரு மீற்றர் அகலத்துக்குக் கயிறு கட்டிப் பிரித்த ஒடுங்கிய ஒழுங்கை, குறுக்கே சிவப்புத் தடி. தடிக்கு இந்தப் பக்கம் சலித்து முடித்த மண், மனிதர் நடக்கலாம், மாடு படுக்கலாம். அந்தப் பக்கம் என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. உலோகம் தேடும் கருவியை மண்ணுக்கு மேலே ஆட்டு, சத்தம் கேட்டால் நில், பக்கத்திலிருந்து சுரண்டு, நேரே குத்தாதே. இப்படிச் சாண் சாணாக இலுப்பைக்கண்டல் முழுவதையும் சலித்துக் கொடுத்தால்தான் சனம் திரும்பி வந்து குடியிருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். காசு வெளிநாட்டுக்காசு, முழங்கால் உள்ளூர் முழங்கால். இன்றைக்கு இந்த ஒழுங்கை போய் முட்டும் இடம் அக்காவின் கிணற்றடி. காலையில் குழுத் தலைவி நளாயினி ஆளாளுக்கு இடம் பிரித்தபோது இது வேறொருத்திக்குத்தான் விழுந்தது. "நளாயினியக்கா, அதை எனக்குத் தாங்கோ" என்று இவள் கேட்க, "ஏன், அங்கை புதையல் கிடக்கோ?" என்று நளாயினி சிரித்தாள். "எங்கட அக்கான்ர வீட்டு வளவு" என்றதும் சிரிப்பு நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இந்த வேலைக்கு வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இரண்டாவது கேள்வி கேட்பதில்லை, முதல் கேள்விக்கே எல்லாரும் பதிலை வைத்திருப்பார்கள்.

றோட்டில் மஞ்சள் நாடாவுக்கு அந்தப் பக்கம் அத்தான், அக்காவின் புருசன், வந்து நிற்பார், திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. பழைய சைக்கிளை வேலிக்கட்டையில் சாத்தி, தேத்தண்ணிப் போத்தலைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. தற்காலிகக் கொட்டிலில் இருந்து இவ்வளவு தூரமும் உழக்கி வருகிறார். மற்றச் சனமும் வருவதுண்டு, தங்கள் தங்கள் வளவு எப்போது துப்புரவாகும் என்று கேட்க. ஒரு கிழமை வருவார்கள், அலுத்துப்போய் விடுவார்கள். அத்தான் அலுக்கவில்லை. இடைவேளை விசில் ஊதி இவள் வெளியே போனதும் போத்தல் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி நீட்டி ஒரே கேள்விதான் கேட்பார்: "இண்டைக்கு எவ்வளவு தூரம், சுதா?" இவள் கையை விரித்துக் காட்டுவாள், இவ்வளவு என்று. அவர் தலையாட்டுவார். மகேந்திரராசா என்று ஒரு ஆள் இருந்தார், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனையே சிரிக்கவைத்துத் தலைப்பாகையை விழுத்தினவர், அவரும் இவரும் ஒரே ஆள்தான் என்று யாரும் சத்தியம் செய்தால்தான் நம்பலாம். அவருக்கு அவசரமெல்லாம் வளவுக்குள் போய் அந்தப் பழைய அத்திவாரத்துக்கு மேலே ஒரு வீட்டைக் கட்டிவிட வேண்டும் என்பதுதான். "அவள் வந்தா எங்கை தேடுவாள்? இங்கைதான் வருவாள். ஆள் நிக்கவேணுமெல்லே" என்பார். அக்கா வசந்தமாலா வருவாள். வருவாள் என்பதற்கு அவரிடம் ஒரு சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியை இவளிடம், ஊரிடம், காணாமல் போனோரைத் தேடும் அலுவலகத்து மேசைகளிடம், புகைப்படத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரிடம், எத்தனை தரம் சொல்லியிருப்பார். கூறைச் சேலையைக் காணவில்லை. அதுதான் சாட்சி.

கருவி ஒன்றும் சொல்லவில்லை. தடியை நகர்த்தினாள். மண்ணில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இளக்கினாள், சாணி தெளிக்கிற மாதிரி. அத்தானுடைய கதை இப்படி: தாய்க்குக் காலில் செல் துண்டு பட்டு, அவர் தாயைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி என்று பேர்பண்ணியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். திரும்பி வரத் தாய் இல்லை, சைக்கிளும் இல்லை. வளவுக்கு வந்தார். குசினிக்குப் பின்னால் செல்லுக்குப் பதுங்க அவர் வெட்டி வைத்திருந்த பங்கர் இடியாமல் அப்படியே இருந்தது, உள்ளே ஆளில்லை. குசினிக்குள் தகரப்பெட்டி மட்டும் இருந்தது. திறந்து பார்த்தார். மற்ற உடுப்பெல்லாம் கிடக்கக் கூறையை மட்டும் காணவில்லை. அப்போ அவள் கையோடு கொண்டு போயிருக்கிறாள். "கட்டின சீலையோட ஓடின சனத்துக்குள்ள கூறையை மடிச்சு எடுத்திருக்கிறாள் எண்டா, அவள் ஆறுதலாத்தான் வெளிக்கிட்டிருக்கிறாள். யோசிச்சுப் பார். சாகப்போற பயத்தில ஓடுற பொம்பிளை கூறையைத் தேடுவாளோ?" கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். இந்த ஊரில் அது தலையாட்டக்கூடிய நியாயம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கிற சேலை, அதற்குப் பிறகு பெட்டிக்குள் அடியில் கற்பூர உருண்டையோடு கிடக்கும். புருசன் இருக்க மனைவி போனால் கடைசியில் அதைத்தான் உடுத்தி அனுப்புவார்கள். கூறையோடு போகிறது கொடுத்துவைத்தவளுக்குத்தான் என்று செத்தவீட்டில் கிழவிகள் பொறாமைப்பட்டுக்கூடச் சொல்வார்கள். அப்படிப்பட்ட சேலை தானாக நடந்து போகுமா? போகாது. யாராவது எடுத்துத்தானே இருக்க வேண்டும். எடுத்தது யாரென்று சுதாமதிக்குத் தெரியும், வெட்டியது யாரென்றும் தெரியும், ஏனென்றால் வெட்டிய கத்தரிக்கோல் இவள் கையில் இருந்தது.

அந்தக் கிழமை மழை. மாசி மாதத்தில் பெய்யக்கூடாத மழை. குசினிப் பங்கருக்குள் முழங்கால் அளவு தண்ணி நின்றது. அத்தான் தாயோடு போன அன்றே அக்காவும் இவளும் கிணற்றடி மேட்டில் புதிதாக ஒன்று வெட்டினார்கள். வெட்டினது என்ன, தோண்டினது, இரண்டு பேர் படுக்கப் போதும். பனங்குற்றி கிடைக்கவில்லை, கதவைக் கழற்றி மேலே போட்டார்கள். மண்மூட்டைக்குச் சாக்கு ஏது, சாக்கெல்லாம் எப்போதோ முடிந்து ஊரே சேலையில் மூட்டை தைத்தது. சேலையை வெட்டி மூன்று பக்கம் அடித்தால் ஒரு பை, மண்ணை நிரப்பிக் கட்டினால் ஒரு மூட்டை. ஒழுங்கையில் எல்லாருக்கும் தைத்தது இவள்தான், கைமிசினை மடியில் வைத்துச் சுற்றிச் சுற்றி. பூப்போட்ட நைலெக்ஸ், பள்ளிக்கூட ரீச்சரின் கொட்டன் சேலைகள், ஒரு அம்மாளாச்சி கோயில் பட்டு. பங்கர் வாசலெல்லாம் புடவைக்கடை மாதிரி நிறம் நிறமாக இருக்கும், மேலே இருந்து பார்க்கிறவனுக்கு என்ன நினைப்பு வந்திருக்குமோ. ஒற்றைத் தையல் அடித்தால் செல் அதிர்வுக்குப் பிரிந்து கீழே கிடக்கிறவர்களின் முகத்தில் மண் கொட்டும். அக்காவுக்கு அது பிடிக்காது. செல்லைவிட அதுதான் அவளுக்குப் பெரிய தொல்லை. "முகத்தில மண் கொட்டுதடி, உயிரோட இருக்கேக்கையே புதைக்கிற மாதிரி" என்பாள். அதற்காகத்தான் இவள் இரட்டைத் தையல் அடிக்கத் தொடங்கினாள், பிறகு எல்லாருக்கும் அப்படியே. கடைசியில் கதவுக்கு மேலே போட மூட்டை போதாமல் போனபோது அக்கா பெட்டியைத் திறந்து கூறையைத் தூக்கி இவளுடைய மடியில் போட்டாள். அரக்குச் சிவப்பு, மாங்காய்க் கரை. இவளுக்குக் கை ஓடவில்லை. "விசரே உனக்கு? கூறையை வெட்டுறதோ?" "பட்டுத்தான் நல்லாத் தாங்குமாம். வெட்டு." "அத்தான் வந்தா?" "அவர் வந்தாப் பேசுவார். சொல்லாதை. பிறகு நான் ஆறுதலாச் சொல்லிக்கொள்ளுறன்." வெட்டினாள். சிவப்பு நூல் முடிந்து நீல நூல்தான் மிச்சம் இருந்தது, சிவப்புப் பட்டில் நீல நூல் ஓட அக்கா சிரித்தாள், "கண்றாவி, ஆரும் பாத்தா உன்னட்டைத் தைக்கத் தரமாட்டினம்" என்று. அதுதான் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு என்று சொல்லலாம், ஆனால் அப்படி இல்லை, அதற்குப் பிறகும் ஏதோவெல்லாம் சிரித்தாள், இவளுக்குத்தான் மறந்துவிட்டது. அடுத்த நாள் விடியச் சனம் கிளம்பியபோது இவள் பக்கத்து வீட்டாரோடு போனாள். அக்கா வரவில்லை. "அவர் வந்து தேடுவார், நான் நிண்டு கூட்டிக்கொண்டு வாறன், நீ நட." ஒருத்தரை ஒருத்தர் தேட வேண்டிவரக்கூடாதென்று அவள் நின்றதால்தான் அந்தப் புருசனும் மனைவியும் வாழ்நாள் முழுக்கத் தேடுகிறார்கள். அக்காவும் எங்கேயோ இருந்து தேடுகிறாள் என்று இவள் நினைத்துப் பார்ப்பதுண்டு. மண்ணுக்குள் இருந்து தேட முடியுமா?

ம்ம்ம் என்றது கருவி. சுதாமதி கையை நிறுத்தினாள். திரும்பவும் ஆட்டினாள். ம்ம்ம். மிதிவெடிச் சத்தமில்லை இது. மிதிவெடிக்கு ஒரு சின்னச் சத்தம், ஒரே இடத்தில் நின்று கத்தும், குழந்தை மாதிரி. ஆணிக்கு ஒரு கிறீச். செல் துண்டுக்குக் காட்டுக் கத்தல். இது மெல்லியதாக, நீளமாக, ஒழுங்கையின் குறுக்கே ஓடுகிறது, யாரோ வாயை மூடிக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிற மாதிரி. கம்பியாக இருக்கும். வேலிக் கம்பி. கிணற்றடியில் வேலி ஏது? இருக்கும், யாராவது போட்டிருப்பார்கள், இத்தனை வருடத்தில் யார் யாரோ வந்து போன மண். சின்னக் கரண்டியை எடுத்துப் பக்கத்திலிருந்து சுரண்டத் தொடங்கினாள். மூக்கரிப்பு நின்றுவிட்டது, எப்போது நின்றதென்று தெரியவில்லை. போன மாதம் நிறுவனத்தில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள், கழுத்தில் அட்டை தொங்க, கொழும்புத் தமிழ். இந்த நிலம் முடிந்தால் உதவிக்காசும் முடிகிறதாம், நாடு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதாம், இனி அவசர உதவி இல்லை, நிலைபேறான அபிவிருத்தி. வேலை இழக்கப்போகிற பெண்களுக்கு நிலைபேறான வாழ்வாதாரம். "உங்களுக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேட்டாள். "ஒண்டும் தெரியாது" என்றாள் இவள். "தையல்? நிறையப் பேர் தையல் எடுக்கிறாங்க, மெஷின் ஃப்ரீயா குடுக்கிறோம்." பக்கத்தில் இருந்த ஒருத்தி, "இவவுக்கு நல்லாத் தையல் தெரியும் மிஸ், வன்னி முழுக்கத் தைச்சவ" என்று போட்டுக்கொடுத்தாள், இவள் அவளை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள். நிலைபேறு. பேரைப் பார். சாண் சாணாகச் சலித்துக்கொண்டு போக, சலித்தது கூடக்கூடச் சம்பள நாட்கள் குறைந்துகொண்டு வருகிற வேலை இது, தன் கொப்பில் தானே இருந்துகொண்டு வெட்டுகிற வேலை. ஆனாலும் யாரும் மெதுவாக வெட்டவில்லை. வெளியே நிற்கிற சனத்தின் முகத்தைப் பார்த்தால் மெதுவாக வெட்ட மனம் வராது. இன்று மட்டும் இவள் மெதுவாகச் சுரண்டுகிறாள், கரண்டி நுனியால், மண்ணுக்கு நோகாமல்.

துணி. துணி எல்லா ஒழுங்கையிலும் வரும். இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் சேலைதான், சீலைத்துண்டுக்கெல்லாம் வேலையை நிறுத்தினால் நூறு வருடத்திலும் முடியாது, ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இழுத்தாள். கையோடு வந்தது பொலபொலவென்று உதிர்ந்தது, தேயிலைத் தூள் மாதிரி. நிறமில்லை, மண் நிறம்தான். உதிர்ந்ததுக்குள் பச்சை பிடித்த கரை ஒன்று, கருவி முணுமுணுத்தது இதைப் பார்த்துத்தான், சரிகை. சரிகை என்றால் என்ன, இந்த ஊரில் ஒரு பட்டுச்சேலைதானா இருந்தது? ரீச்சரிடம் இருந்தது, கோயிலில் இருந்தது, கடைக்காரரின் பெண்ணுக்கு மூன்று இருந்தது. மாங்காய்க் கரை என்றாலும் ஊரில் பாதிக் கரை மாங்காய்தான். அப்படித்தான் நினைத்தாள், நினைத்துக்கொண்டே முகக்கண்ணாடியை மண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பட்டு உக்கி மண்ணோடு மண்ணாகப் போயிருந்தது. நூல் உக்கவில்லை. பட்டில்லாமல், துணியில்லாமல், நூல் மட்டும் மண்ணில் இரண்டு கோடாக ஓடியது, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அருகருகே, நெருக்கமாக, வளைகிற இடத்தில் மிசின் சறுக்கி ஒரு தையல் பெரிதாகி. அந்தச் சறுக்கல்கூட இவளுடையதுதான், கைமிசினில் ஒரு பல்லு தேய்ந்திருந்தது. நீலம். தண்ணியில் கழுவின மாதிரி அவ்வளவு நீலம்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யத் தேவையில்லை. மூட்டை வேறு, ஆள் வேறு. மூட்டை இருக்கிறதென்றால் அக்கா இருக்கிறாள் என்று அர்த்தமில்லை, பயத்தில் பங்கரை விட்டு எழும்பி ஓடியிருக்கலாம், அத்தானைத் தேடி ஓடியிருக்கலாம், எத்தனை பேர் அப்படி ஓடித் தப்பியிருக்கிறார்கள். சரிகையை எடுத்து இரும்புத்துண்டு போடுகிற வாளியில் போடு, நூலை மண்ணால் மூடு, தடியை நகர்த்து. அத்தான் வருடக்கணக்காகத் தின்று உயிர்வாழ்கிற சோறு அந்தக் கூறை. முகாமில் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் அவரைக் கண்டபோது எலும்பும் தோலுமாக நின்றார், இவளைக் கண்டதும் முதல் வார்த்தை, "கூறையைக் கொண்டு போயிட்டாள் சுதா, தப்பீட்டாள்." அந்த முகத்தைப் பார்த்து, அத்தான் அதை நான் வெட்டினேன், கிணற்றடியில் இன்னொரு பங்கர் இருக்கிறது, அங்கே பார்த்தீர்களா என்று எந்த நாக்கு கேட்கும்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளை என்பது மாதமாகி வருடமாகி, பிறகு வேறொரு சிக்கல் வந்தது. முகாமை விட்டு வந்த பிறகு மாமிமார் வாயைத் திறந்தார்கள். "அவளும் எவ்வளவு காலம் தனிய, அவரும் தனிய, அக்கா போன இடத்தில தங்கச்சி இருக்கிறது புதுசே?" அன்றைக்கு முடிவாகிவிட்டது, இனி இவள் வாயாலே அக்கா இல்லை என்று வரவே கூடாது. வந்தால், பார், இடம் பிடிக்க அலைந்தவள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது. ஊர் போகட்டும், இவளுக்கே தன்மேல் சந்தேகம். போத்தல் மூடியில் ஊற்றிய தேத்தண்ணி ஆறிவிடும் என்று அவர் ஊதிக் கொடுக்கிறபோது இவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று இளகுவது உண்மைதான். அதற்கு என்ன பேர் வைப்பதென்று தெரியாது, வைக்கவும் பயம். அதனால்தான் மூடிவிடு என்று மனம் சொல்கிறதா, அல்லது அதனால்தான் திறந்து காட்டு என்று சொல்கிறதா? இரண்டில் எதைச் செய்தாலும் அதில் தன் பங்கு ஒன்று கலந்திருக்கும் போல இருக்கிறது, பாலில் தண்ணி கலந்த மாதிரி, இனிப் பிரிக்க முடியாது. கருவியை எடுத்து ஆட்டினாள், சும்மா, சரிகையைப் பக்கத்தில் எடுத்து வைத்தாயிற்று, இனிச் சத்தம் இருக்காது, இல்லாவிட்டால் தடியை நகர்த்திவிடலாம். கீச் என்றது.

சின்னச் சத்தம். ஒரே இடத்தில். இதை விட்டுவிட்டுப் போக முடியாது. மிதிவெடியாக இருந்தால் நாளைக்கு இதே இடத்தில் அத்தான் வீடு கட்ட மண்வெட்டியைப் போடுவார். விதி எழுதினவன் இவளுடைய கதை தெரிந்தா எழுதினான், ஆனாலும் அவன் எழுதிய விதி இப்போது இவளைப் பிடரியில் பிடித்துத் தள்ளுகிறது. சத்தம் வந்தால் காணும் மட்டும் போ. கடவுளே, மிதிவெடியாக இருக்கட்டும் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல் தரம் மிதிவெடிக்கு நேர்ந்தாள். தண்ணி தெளித்தாள், காத்திருந்தாள், கரண்டியைப் படுக்க வைத்துப் பக்கத்திலிருந்து ஒரு விரல், பிறகு ஒரு விரல். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. நீல நூலுக்குக் கீழே கதவுப் பலகை உக்கிக் கறுப்பாக ஒரு படையாக இருந்தது. பலகைக்குக் கீழே கரண்டி கல்லென்று நினைத்து முட்டியது கல்லில்லை. அதை அவள் பார்த்தாள், பார்த்ததை மனதுக்குள் விடவில்லை. அதற்குக் கிட்டத் துரு ஏறிய ஒரு சின்னக் கொத்து. சேப்டிபின். ஒன்றோடொன்று கோர்த்து நாலைந்து. தாலிக்கொடியை அரிசிக்குக் கொடுத்த பிறகு அக்கா மஞ்சள் கயிறுதான் கட்டியிருந்தாள், அதில் இதைக் கோர்த்து வைத்திருப்பாள், பொம்பிளைக்கு எந்த நேரம் எது கிழியுமோ என்பாள். இவளுடைய சட்டைக் கை கிழிந்தபோது அந்தக் கொத்தில் இருந்துதான் ஒன்றைக் கழற்றிக் குத்திவிட்டாள், கிளம்பின அன்று விடிய, கிணற்றடியில். "தையல்காரிக்குச் சட்டை கிழிஞ்சு கிடக்கு" என்று சிரித்தாள். அதுதான். அதுதான் கடைசிச் சிரிப்பு. இத்தனை வருடமாக மறந்துபோனது என்று நினைத்திருந்தது இந்த மண்ணுக்குள்தான் கிடந்திருக்கிறது. சுதாமதி அழவில்லை, முகக்கண்ணாடிக்குள் அழுதால் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது, அதனால் ஒருவரும் உள்ளே அழுவதில்லை. கரண்டியைத் தடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வலக்கையை உயர்த்தினாள்.

நளாயினி துப்புரவான பாதையால் வந்து பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "பாத்திட்டியோ?" என்றாள். "ஓம்." "இது அறிவிக்க வேணும். பொலிஸ் வரும், நீதவான் வருவார். பக்கத்து வளவுகளில வேலையும் நிக்கும், வெளியில நிக்கிற சனம் எங்களைத் திட்டும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உனக்குத் தெரிஞ்ச ஆளோ எண்டு நான் கேக்கேல்லை. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்." ஒரு வழி திறந்து விட்டாள் என்று சுதாமதிக்கு விளங்கியது. யாரோ ஒருத்தி, பேர் இல்லை, சாக்குப்பை, இலக்கம், எங்கேயோ ஒரு அலுமாரி. அத்தான் பழையபடி போத்தலோடு வந்து நிற்பார், வீடு கட்டுவார், வாசலில் இருப்பார். இவளும் வந்து போவாள். அப்படியும் ஒரு சீவியம் நடக்கும், மோசமான சீவியமும் இல்லை. ஆனால் இவ்வளவு காலமும் இந்த மேட்டில் தனியே கிடந்தவள் இன்னும் பேரில்லாமல் கிடக்க வேண்டும், அவளை உடுத்தி அனுப்ப வேண்டிய கை றோட்டில் தேத்தண்ணி ஊதிக்கொண்டு நிற்க. "எங்கட அக்கா" என்றாள் சுதாமதி. "வசந்தமாலா. நான்தான் அந்த மூட்டை தைச்சது." நளாயினி அவளுடைய தோளில் கையை வைத்தாள், பிறகு நீளமாக விசில் ஊதினாள், எல்லா ஒழுங்கையிலும் வேலை நின்றது.

கயிறுகளுக்கு நடுவே நடந்து வந்தாள். முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டபோது காற்று முகத்தில் பட்டது, மூக்கரிப்பு திரும்பி வந்தது, சொறிய மனமில்லை. அத்தான் வழக்கத்துக்கு முன்னமே விசில் கேட்டதால் அவசரமாகப் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். "என்ன, நேரத்தோட விட்டிட்டாங்கள்? எவ்வளவு தூரம், சுதா?" இவள் கையை விரித்துக் காட்டவில்லை. மூடியை வாங்கவும் இல்லை. "அத்தான், அக்கா கூறையைக் கொண்டு போகேல்லை" என்றாள். அவர் ஊதிக்கொண்டிருந்த தேத்தண்ணியில் இருந்து வாயை எடுத்தார். "நான் வெட்டி மூட்டை தைச்சனான். அவதான் தைக்கச் சொன்னவ, உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவ. குசினிப் பங்கருக்குள்ள தண்ணி. நாங்கள் கிணத்தடியில வேற ஒண்டு வெட்டினனாங்கள்."

அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். நளாயினி அந்த இடத்தைச் சுற்றிப் புதிதாக நாடா இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண் அங்கேயே நிற்க, உதடு ஏதோ கணக்குப் பார்க்கிற மாதிரி அசைந்தது. திட்டுவார், அடிப்பார், பொய்க்காரி என்பார், எல்லாவற்றுக்கும் இவள் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டாள், ஒன்றுக்கு மட்டும் ஆயத்தமாகவில்லை. "நான் பின்னுக்குத்தான் பாத்தனான்" என்றார் அவர், மெதுவாக, தன்னைத்தானே விளங்கப்படுத்துகிற மாதிரி. "கிணத்தடியால நடந்துதான் பின்னுக்குப் போனனான். மண் புதுசாக் கிடந்தது. செல் விழுந்த இடமெண்டு நினைச்சன். அதுக்கு மேலால நடந்துதான் போனனான், சுதா." மூடியில் தேத்தண்ணி தளும்பி விரலில் வழிந்தது, சூடு அவருக்குத் தெரியவில்லை. இவள் மூடியை அவர் கையில் இருந்து வாங்கி வேலிக்கட்டைக்கு மேலே வைத்தாள்.

பக்கத்தில் நின்ற சனம் ஏன் வேலை நின்றதென்று ஒருத்தரை ஒருத்தர் கேட்கத் தொடங்கியிருந்தது. அத்தான் அவர்களைப் பார்க்கவில்லை. "கூறை அவவுக்கு மேலதானோ கிடக்கு?" என்று கேட்டார். "ஓம் அத்தான். மேலதான்." "முழுக்கவோ?" "கரைப்பக்கம் முழுக்க." அவர் தலையாட்டினார், இவ்வளவு தூரம் என்று இவள் காட்டுகிறபோது ஆட்டுகிற அதே ஆட்டு. பிறகு, "ஒற்றைத் தையலோ?" என்றார். "இல்லை. இரட்டை." "அப்ப பிரிஞ்சிராது." "பிரியேல்லை அத்தான். நான் பாத்தனான்." "அப்ப முகத்தில மண் கொட்டியிராது" என்றார் அவர்.

"கொட்டியிராது அத்தான்" என்றாள் சுதாமதி.